டோல்கேட்டில் சுங்கம் இல்லை

“டோல்கேட்லாம் எறங்கு!” வடசென்னைக்குப் புதிதாக வந்தவருக்கு அன்று கண்டக்டரின் குரல்தான் வழிகாட்டி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும். தேர் கண்ணில் பட்டால் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் எழுந்துகொள்வார்கள். இடம் தெரியாதவர் பக்கத்து சீட்டில் கேட்பார். எங்கே இறங்குவது என்பதோடு, எந்தச் சந்தில் திரும்புவது என்பதும் சேர்ந்தே கிடைக்கும்.

2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு மெட்ரோ நீண்டது. இன்று விம்கோ நகரில் ஏறி உட்கார்ந்தால் நீலத்தடத்தில் மாறாமல் விமான நிலையம் போகலாம். கோயம்பேடு போக சென்ட்ரலில் பச்சைத்தடத்துக்கு மாற வேண்டும். தண்டையார்பேட்டைக்கு முன்பே ரயில் மண்ணுக்குள் இறங்கிவிடும். சைதாப்பேட்டை தாண்டும்வரை ஜன்னலில் தேரும் தெரியாது, தெருவும் தெரியாது. அறிவிப்பைக் கவனித்துத்தான் இறங்க வேண்டும்.

ஆனால் பழைய அடையாளங்கள் மெட்ரோ நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் இன்னும் இருக்கின்றன. டோல்கேட்டில் இன்று சுங்கம் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் மதராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டைதான் நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. விம்கோ, இங்கே இருந்த தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர். பிள்ளைகளோடு போகும்போது இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போக வேண்டும். உழைத்தவர்களின் ஊர் இது என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரத்துக்கு மெட்ரோ வரவில்லை, எண்ணூருக்கும் இல்லை. அங்கெல்லாம் இன்றும் மின்சார ரயிலும் பஸ்ஸும்தான். வரைபடம் கையில் இருந்தாலும் குழப்பம் தீர்வதில்லை. வண்ணாரப்பேட்டைக்கும் புது வண்ணாரப்பேட்டைக்கும் நடுவில் தண்டையார்பேட்டை வருகிறது. அந்தத் தண்டையார்பேட்டையும் மின்சார ரயில் நிற்கும் தண்டையார்பேட்டையும் வேறு வேறு இடங்கள்.

அதனால் யாராவது உங்களிடம் தண்டையார்பேட்டைக்கு வழி கேட்டால், கையைக் காட்டுவதற்கு முன், “மெட்ரோவா, ரயிலாம்மா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் அன்று செய்த உதவி இன்றும் தேவைப்படுகிறது.