ஒரே இதழில் வளையமும் துணைக்கோளும்: பியர் ரிவ்யூ என்ன செய்கிறது?

ஒரு ஆய்வுக்கட்டுரை ‘பியர் ரிவ்யூ ஆனது’ என்றால், பலரும் அதை ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். நிபுணர்கள் பார்த்தாச்சு, அப்புறம் என்ன சந்தேகம்? இந்த முத்திரைக்கு உண்மையில் என்ன பொருள் என்பதைப் புரிந்துகொள்ள திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்தின் கதை உதவும்.

1977 மார்ச் 10 இரவு. யுரேனஸ் கோள் மங்கலான ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று கணித்திருந்தார்கள். காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கி வழியாக ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த நட்சத்திரத்தின் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். கோள் நெருங்கும் முன்பே ஒளி சில வினாடிகள் சட்டென்று மங்கித் திரும்பியது. அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த நாசாவின் கைப்பர் விமானத்தில் ஜேம்ஸ் எலியட் குழுவும் இதே போன்ற மங்கல்களைப் பதிவு செய்தது.

1977 மே 26 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் எலியட் குழுவின் கட்டுரை வந்தது: யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உள்ளன. அதே இதழில், சில பக்கங்கள் தள்ளி, காவலூர்க் கட்டுரை. அதன் தலைப்பு சொன்னது வேறு: யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள்!

இரண்டும் எப்படி ஒன்றாக வர முடியும்? இதற்குப் பதில் பியர் ரிவ்யூ நடக்கும் விதத்தில் இருக்கிறது.

கட்டுரை போய்ச் சேர்ந்ததும் முதலில் ஆசிரியர் பார்ப்பார். இதழுக்குப் பொருந்தாதவை அங்கேயே திரும்பிவிடும். மிச்சம் இருப்பவை அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்குப் போகும். இவர்கள்தான் ரெஃப்ரி. பெரும்பாலும் சம்பளம் கிடையாது. எழுதியவர் யார் என்று இவர்களுக்குத் தெரியும், இவர்கள் யார் என்று எழுதியவருக்குத் தெரியாது. இதுதான் பரவலான முறை. இரு தரப்புப் பெயரையும் மறைக்கும் இதழ்களும் உண்டு. ஏற்கலாம், திருத்தி அனுப்பட்டும், வேண்டாம் என்று ரெஃப்ரிகள் பரிந்துரைப்பார்கள். முடிவு ஆசிரியர் கையில். நேரடியாக ஏற்கப்படுவது அபூர்வம்; ஒன்றிரண்டு சுற்று திருத்தம் சகஜம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ரெஃப்ரி அந்த இரவைத் திரும்ப நடத்திப் பார்க்க மாட்டார். அவர் கையில் இருப்பது கட்டுரை மட்டும்தான். அளந்த முறை சரியா? வரைபடம் சொல்வதும் முடிவு சொல்வதும் பொருந்துகிறதா? முந்தைய வேலைகளைக் குறிப்பிட்டிருக்கிறார்களா? இவைதான் அவருடைய கேள்விகள். ஒரு மங்கலை மட்டும் வைத்துப் பார்த்தால், குறுக்கே ஒரு துணைக்கோள் போனது என்பது நியாயமான விளக்கம்தான். எலியட் குழுவிடம் கூடுதலாக ஒரு சான்று இருந்தது: கோளின் இருபுறமும், மையத்திலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் மங்கல்கள். துணைக்கோள் அப்படி இரண்டு பக்கமும் இருக்காது, வளையம் இருக்கும்.

காவலூரின் அளவீடு பிழையில்லை. விளக்கம்தான் மாறியது. அதே ஆண்டு இறுதியில், சனிக்கோளைப் போன்ற வளைய அமைப்பு யுரேனஸுக்கு உண்டு என்று பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் அதே ‘நேச்சரில்’ எழுதினார்கள். 1986-இல் வாயேஜர் 2 அருகில் போய் வளையங்களைப் படமே எடுத்தது.

ஆக, பியர் ரிவ்யூ என்பது தீர்ப்பு இல்லை, வாசற்படி. ‘இது விவாதிக்கத் தகுந்தது’ என்று மட்டும்தான் அது சொல்கிறது. உண்மையான சோதனை பிரசுரத்துக்கு அப்புறம், மற்றவர்கள் தங்கள் தரவோடு ஒப்பிடும்போது நடக்கிறது. திட்டமிட்டு ஜோடித்த தரவைக்கூட ரெஃப்ரிகள் பல சமயம் கண்டுபிடிப்பதில்லை. அவர்கள் எழுதியவரை நம்பித்தான் படிக்கிறார்கள்.

அதற்காக வாசற்படியே வேண்டாம் என்றாகிவிடாது. பணம் கட்டினால் சில நாளில் ‘பியர் ரிவ்யூ’ முடித்துத் தருகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் போலி இதழ்களில் அந்தப் படியே கிடையாது. நம்மூர் ஆராய்ச்சி மாணவர்கள் அதில் பணத்தையும் பெயரையும் சேர்த்து இழக்கிறார்கள்.

அடுத்த முறை ‘ஆய்வில் நிரூபணம்’ என்று செய்தி வந்தால், ரிவ்யூ ஆனதா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வேறு யாராவது, வேறு இடத்திலிருந்து அதையே பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.