தெரிந்தே சுமந்த பதினேழு வாரங்கள்

சென்ற வருடம் என் ராத்தா தன் முதல் பிள்ளையைச் சுமந்திருந்தார். 21ஆவது வாரத்து ஸ்கேனுக்கு ஹாலிஎலவிலிருந்து பஸ் ஏறிப் போனோம். உம்மாவுக்கு முழங்கால் வலி, துணைக்கு நான். டொக்டர் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார், பிள்ளையின் தலை சரியாக உருவாகவில்லை, பிறந்தாலும் தங்காது என்று. ராத்தா என்னைப் பார்த்தார். எனக்கும் விளங்கியிருந்தது.

இதைச் சஞ்சிகையில் எழுதலாமா என்று யோசித்தேன். "எழுது, எனக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை" என்றார் ராத்தா.

இந்தக் குறைபாட்டின் பெயர் அனென்செபலி. கருவின் முதுகுப் பக்கத்தில் தோன்றும் ஒரு தகடு சுருண்டு குழாயாக மூடிக்கொள்கிறது. மூளையும் முண்ணாணும் அதிலிருந்துதான் வளர்கின்றன. கரு உண்டாகி 28 நாட்களுக்குள் இது நடந்து முடிகிறது. மேல் முனை மூடாவிட்டால் மண்டையோட்டின் மேற்பகுதியும் மூளையின் பெரும்பகுதியும் உருவாவதில்லை. இப்படியான பிள்ளைகளில் பலர் இறந்தே பிறக்கிறார்கள். மற்றவர்கள் சில மணி நேரமோ சில நாட்களோ இருப்பார்கள். அந்த 28 நாட்களில் பல தாய்மாருக்குத் தாம் கர்ப்பம் என்பதே தெரியாது. ஆகவே கிரகணத்தன்று வெளியே போனாள், கனமான வாளி தூக்கினாள் என்று வீட்டுக்கு வந்தவர்கள் சொன்ன எதற்கும் இதில் பங்கில்லை. ராத்தா அதை நம்பவே இரண்டு மாதம் பிடித்தது.

அடுத்த கேள்வி, கர்ப்பத்தைக் கலைக்கலாமா என்பது. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவைதான் இன்றும் இதற்குச் சட்டம். அதன் 303ஆவது பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கலைக்கலாம்; பிள்ளை பிழைக்காது என்பது காரணமாகாது. 1995இல் பாராளுமன்றத்தில் இதைத் தளர்த்த எடுத்த முயற்சி கைவிடப்பட்டது. 2017இல் இப்படியான உயிர் தங்காத குறைபாடுகளுக்கு இடமளிக்க அரசாங்கம் முன்வந்தபோது மத அமைப்புகள் எதிர்த்தன, அதுவும் நின்றது. மார்க்கத்தில், மக்காவிலுள்ள இஸ்லாமிய பிக்ஹு சபை 1990இல் ஒரு தீர்மானம் எடுத்தது: நம்பகமான மருத்துவர் குழு கடுமையான, சிகிச்சையில்லாத குறைபாட்டை உறுதி செய்து, பெற்றோரும் கேட்டால், 120 நாட்களுக்கு முன் அனுமதி உண்டு. டொக்டர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து வாரம் எண்ணுவதால் 120 நாள் என்பது ஏறத்தாழ 19ஆவது வாரம். ராத்தாவுக்கு அதுவும் கடந்துவிட்டது. 11 முதல் 13 வாரத்து ஸ்கேனிலேயே இதைப் பெரும்பாலும் காணலாம் என்று பின்னர்தான் அறிந்தோம்.

ஆக, சுமப்பதுதான். எப்படிச் சுமப்பது?

ராத்தா முதலில் கிளினிக் போவதை நிறுத்தினார். மற்றத் தாய்மாரின் வயிற்றைப் பார்க்க முடியவில்லை. எங்கள் குடும்ப நல மாது வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்தார். பிள்ளைக்கு இல்லாவிட்டாலும் உனக்குக் கிளினிக் வேண்டும் என்றார். திரும்பிப் போன முதல் நாளே வரிசையில் ஒரு தோட்டத்து அக்கா. அவவுக்கும் இதே செய்திதான், ஆனால் சிங்களத்தில் சொன்னது பாதிதான் விளங்கியிருக்கிறது. தலை பலவீனம், டொனிக் குடித்தால் சரிவரும் என்று நம்பிக்கொண்டிருந்தார். ராத்தா அவரைப் பெஞ்சில் இருத்தித் தமிழில் சொன்னார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த வேலை என் ராத்தாவுடையதா என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

மச்சானிடம் எல்லோரும் "அவ எப்படி இருக்கா?" என்றே கேட்டார்கள். அவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவர் பேசாமல் கடையில் கூடுதல் நேரம் நின்றார். வாப்பா ஒரு நாள் அவரை அஸருக்குப் பிறகு நடக்கக் கூட்டிப்போனார். என்ன பேசினார்களோ தெரியாது. அன்றிரவுதான் இருவரும் பிள்ளைக்குப் பெயர் யோசித்தார்கள்.

பொறுமைக்குக் கூலி உண்டு என்று முதல் நாளே சொன்னவர்கள் ராத்தாவை இன்னும் தனிமைப்படுத்தினார்கள். ரஸூல் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே தம் மகன் இப்ராஹீம் மடியில் மரித்தபோது கண்ணீர் விட்டார்கள், அதை மறைக்கவில்லை என்று மூத்தம்மா சொன்னதுதான் அவருக்கு உதவியது.

38ஆவது வாரத்தில் பிள்ளை பிறந்தது. நாற்பது நிமிடம் இருந்தது. மச்சான் காதில் பாங்கு சொன்னார். மிஸ்ஸி ஒரு தொப்பி போட்டுக் கொடுத்தார்; ராத்தா விரல்களை எண்ணிப் பார்த்தார். உயிரோடு பிறந்ததால் குளிப்பாட்டி, கபனிட்டு, ஜனாஸா தொழுது அடக்கினார்கள். நான்கு மாதம் கடந்து உயிரின் அடையாளமே இல்லாமல் பிறந்தால், ஷாபிஈ மத்ஹபில் குளிப்பாட்டுதலும் கபனும் அடக்கமும் உண்டு, தொழுகை மட்டும் இல்லை. இதை முன்பே பள்ளிவாசலில் கேட்டு வைத்திருந்ததால் அன்று ஓடித்திரிய வேண்டி வரவில்லை.

யாரும் சொல்லாத ஒன்று: மூன்றாம் நாள் பால் சுரந்தது. ராத்தா அலறிவிட்டார். பிள்ளை இருக்கிறதா இல்லையா என்பது உடம்புக்குத் தெரியாது. இறுக்கமான உள்ளாடை, குளிர்ந்த துணி, தேவையானால் டொக்டர் தரும் மாத்திரை, இவ்வளவுதான் வைத்தியம். இதைப் பிரசவத்துக்கு முன்பே சொல்லிவிடலாம். தோட்டத்திலும் தனியார் துறையிலும் வேலை செய்பவர்கள் இன்னொன்றும் அறிய வேண்டும்: பிள்ளை இறந்து பிறந்தாலும் 6 வாரப் பிரசவ லீவு சட்டப்படி உண்டு.

இப்படி ஒரு பிள்ளை பிறந்த தாய்க்கு மீண்டும் அதே வகைக் குறைபாடு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2 முதல் 5 வரை. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 1991இல் வெளியிட்ட ஆய்வில், கருத்தரிக்கும் முன்பே தினமும் 4 மில்லிகிராம் போலிக் அமிலம் எடுத்த இத்தகைய தாய்மாரிடம் அது 72 வீதம் குறைந்தது. மற்றப் பெண்களில் பெரும்பாலானோருக்கு 400 மைக்ரோகிராம் போதும், ஆனால் அதையும் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். கர்ப்பம் தெரிந்தபின் தொடங்கினால் குழாய் மூடும் நாட்கள் பெரும்பாலும் போயிருக்கும்.

ராத்தாவின் அலமாரியில், குர்ஆனுக்குக் கீழ்த்தட்டில், இப்போது அந்த மாத்திரைப் பெட்டி இருக்கிறது. பக்கத்தில் அந்தச் சின்னத் தொப்பி. தோட்டத்து அக்கா இரண்டு கிழமைக்கு ஒருமுறை போன் எடுக்கிறார்.