அசையாத கண்ணாடி, நகரும் குழாய்

திண்டிவனம் – புதுச்சேரி சாலைக்குக் கிழக்கே, வானூர் வட்டத்தில் இருக்கிறது ஆரோவில். அங்குள்ள பொதுச் சமையற்கூடமான சோலார் கிச்சனின் மொட்டைமாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள ஒரு கிண்ணம் வானத்தைப் பார்த்து நிற்கிறது. உட்புறம் முழுதும் சிறு கண்ணாடித் துண்டுகள் பதித்த கிண்ணம் அது. அதில் விழும் வெயில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. அந்த நீராவியில் சோறும் குழம்பும் வேகின்றன. வானம் தெளிந்த நாளில் சுமார் 1,000 பேருக்குச் சமைக்க இது போதும்.

சூரிய வெப்பத்தைக் குவிக்கப் பெரும்பாலும் பரவளையக் கண்ணாடிகளே பயன்படுகின்றன. அவை ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்கும். ஆனால் சூரியன் நகர நகர அவையும் திரும்பியாக வேண்டும். இவ்வளவு பெரிய கண்ணாடியைக் காற்றையும் தாங்கிக்கொண்டு நாள் முழுக்கத் திருப்புவது எளிதல்ல. கோள வடிவக் கிண்ணத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. கோளம் எத்திசையிலிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல் இருப்பதால், வெயில் எப்பக்கமிருந்து வந்தாலும் சூரியனுக்கு நேரெதிரே ஒரு கோட்டில் குவிகிறது. அந்தக் கோட்டில் ஒரு நீண்ட குழாய் தொங்குகிறது. சூரியனின் போக்கைக் கணக்கிட்டு அதைக் கணினி நகர்த்துகிறது. கனமான கிண்ணம் இருந்த இடத்திலேயே இருக்க, மெலிந்த குழாய் மட்டும் அசைகிறது. வடிவியலை இதைவிட அழகாகச் சமையலுக்குப் பயன்படுத்திய இடம் தமிழகத்தில் அரிது.

தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1 கிலோவாட் வெயில் விழும். கிண்ணத்தின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 177 சதுர மீட்டர். இதே வெயிலைச் சூரிய மின்பலகைகளில் பிடித்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவே மின்சாரமாகும். அரிசி வேக வெப்பம்தான் தேவை என்னும்போது, வெயிலை வெப்பமாகவே பிடிப்பது சிக்கனம். எந்த ஆற்றலை எந்த வேலைக்குச் செலவிடுவது என்ற இந்தக் கேள்வி, மின்பலகைகளின் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சில் பல நேரம் விடுபட்டுப்போகிறது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கிண்ணத்துக்கு வேலை குறைவு. அப்போது டீசல் கொதிகலன் கைகொடுக்கிறது. காற்றாலைகளுக்கும் பருவம் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரைதான் அவற்றுக்கு அறுவடைக் காலம். ஆகவே ஒரே மூலத்தை நம்பாமல் பலவற்றைச் சேர்ப்பதும், மின்சாரத்தைச் சேமித்து வைப்பதும் கட்டாயமாகின்றன.

புதுப்பிக்கத்தக்கது எல்லாம் நீடித்து நிற்கும் என்பதில்லை. வருங்காலத் தலைமுறையின் தேவைக்கு ஊறு செய்யாமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவதே நீடித்த வளர்ச்சி என்று 1987-இல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணையம் வரையறுத்தது. மரக்காணம் கடலோரத்துச் சவுக்குத் தோப்புகளில் இதைக் காணலாம். வெட்டிய இடத்தில் மறுபடி கன்று வைத்து, சில ஆண்டுகள் வளரவிட்டு வெட்டினால் விறகு வற்றாது. வளர்வதைவிட வேகமாக வெட்டினால், அதே சவுக்கு நிலக்கரியைப் போலவே தீர்ந்துபோகும்.

நிலத்தடி நீரில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. சூரிய பம்புசெட்டுக்கு எரிபொருள் செலவு கிடையாது. அதனால் வெயில் இருக்கும்வரை மோட்டாரை நிறுத்தத் தோன்றாது. ஏரிகள் நிரம்பி ஊறும் அளவைவிட ஆழ்துளைக் கிணறுகள் அதிகம் இறைத்தால் நீர்மட்டம் இறங்கும். கடலோரத்தில் அந்த இடத்தை உப்புநீர் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை உப்பேறிய நீரடுக்கு நன்னீருக்குத் திரும்பப் பல காலம் ஆகும். 2019-இல் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. மின்கட்டமைப்போடு இணைந்த பம்புசெட்டை சூரிய மின்சாரத்துக்கு மாற்றும் உழவர், இறைத்தது போக மிஞ்சும் மின்சாரத்தை விற்கலாம். கட்டுப்படியாகும் விலை கிடைத்தால், தேவைக்கு மேல் இறைக்காமல் மோட்டாரை நிறுத்துவதே அவருக்கு வருமானம்.