மின்சூட் குமிழின் ஆயுள்

திருகோணமலைத் துறைமுகத்தையும் கொட்டியாரக் குடாவையும் அண்டி வாழும் நம்மவர்க்கு, ‘ரோர்ச் லைற்’ என வழங்கும் மின்சூள் இன்றியமையாத பொருளாகும். இரவுக் கடலில் வலையிழுக்கும் மீனவர் கையிலும், புயலால் மின்சாரம் தடைப்பட்ட வீட்டிலும் அதுவே ஒளி. 1964 டிசம்பரிலும், 2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவிலும் சூறாவளி நம் மாவட்டக் கரையைத் தாக்கியதை அறிவோம். அத்தகைய இரவிலே குமிழ் அணைந்தால் நேரும் இடர் பெரிது. ஆகவே, அக்குமிழ் எவ்வளவு காலம் எரியும் என்னும் வினா ஆராய்தற்குரியது.

பழைய குமிழினுள் இருப்பது மயிரினும் மெல்லிய தங்ஸ்தன் இழை. மின்னோட்டத்தால் அது 2000 பாகை செல்சியசுக்கு மேற்பட வெப்பமடைந்து ஒளிர்கின்றது. அவ்வெப்பத்தில் உலோகம் சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியிற் படியும். குமிழ் கருமையடைவது இதனாலேயே. இழையில் மெலிந்த இடம் மேலும் சூடேறும், சூடேறிய இடம் மேலும் மெலியும், ஈற்றில் அறும். குளிர்ந்த இழையின் தடை மிகக் குறைவாதலின், ஆளியை அழுத்திய கணத்தில் மின்னோட்டம் பெருகிப் பாயும். முதிர்ந்த குமிழ் பெரும்பாலும் ஏற்றும்போதே அறுவதன் காரணம் இதுவாகும்.

இரு கலங்களால் எரியும் சாதாரணக் குமிழொன்றின் ஆயுள் ஏறக்குறைய 15 மணித்தியாலங்களே. நாளுக்குப் பத்து நிமிடம் எரித்தால் மூன்று மாதம்; ஒரு மணித்தியாலம் எரிக்கும் மீனவர்க்குப் பதினைந்து இரவு. இவ்வளவு குறைவாக அமைத்தது ஏன்? மின்னழுத்தத்தை நூற்றுக்கு ஐந்து வீதம் கூட்டினால், ஒளி ஏறக்குறைய ஆறிலொரு பங்கு மிகும், ஆயுளோ பாதியளவாகும். குறைத்தால் ஆயுள் நீளும், ஒளி மங்கும். கலிபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில், 1901 முதல் சிற்சில இடைவெளிகளுடன் எரிந்துவரும் கரியிழைக் குமிழ் இதற்குச் சான்று. நூற்றாண்டைக் கடந்த அதன் ஒளி, இன்று 4 வாற்று இரவு விளக்கின் அளவே. சிறு கலத்திலிருந்து கூடிய ஒளி பெறுதற்கு ஆயுளையே விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அதனாலன்றோ பல மின்சூள்களின் பின்மூடியில் மாற்றுக் குமிழொன்று வைக்கப்பட்டிருந்தது!

இன்று அவ்விடத்தை ‘எல்.ஈ.டி.’ எனப்படும் ஒளிகாலும் இருவாயி பெற்றுள்ளது. அதில் அறுதற்கு இழையில்லை. நன்கமைந்த இருவாயியின் ஒளி, தொடக்க அளவில் நூற்றுக்கு எழுபதாகக் குறையப் பல பத்தாயிரம் மணித்தியாலங்கள் செல்லும். ஆயினும், மின்சூள் முழுவதும் அவ்வளவு காலம் வாழுமெனக் கருதற்க. உப்புக்காற்று தொடுகைத் தகடுகளை அரிக்கும். நெடுநாட் கிடந்த கலம் கசியும். வெப்பம் வெளியேற வழியற்ற மலிவுக் கருவியில் இருவாயியும் விரைந்து மங்கும்.

ஆதலின், மாரி தொடங்குமுன் கலங்களை வெளியே எடுத்துப் பார்த்துத் தொடுகைகளைத் துடைத்து வைத்தல் நன்று. இழைக்குமிழாயின் மாற்றுக் குமிழொன்றும் அருகில் இருத்தல் வேண்டும். குமிழின் ஆயுளுக்கு எல்லையுண்டு. வேண்டிய இரவில் அது எரியுமாறு ஆயத்தஞ் செய்தல் நம் கையிலுள்ளது.