மைக் ஒயருக்குள் ஓடும் எண்கள்

பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் முகூர்த்த நாள் மாலையில் மண்டபத்துக்கு மண்டபம் சவுண்ட் சர்வீஸ் வண்டிகள் நிற்கும். ஸ்பீக்கர், ஆம்ப், மிக்ஸர் எல்லாம் இறங்கிய பிறகு ஒரு சாக்குமூட்டை இறங்கும். அதற்குள் வளையம் வளையமாகச் சுருட்டிய மைக் ஒயர்கள். இன்று பல செட்களில் மிக்ஸர் டிஜிட்டலாகிவிட்டது. அதன் பின்பக்கம் ‘ஏஇஎஸ்’ என்று எழுதிய சாக்கெட் ஒன்று இருக்கும். மேடையோரம் ஸ்பீக்கருக்கு முன்னால் வைக்கும் பிராசஸரிலும் அதே பெயரில் ஒரு சாக்கெட். இரண்டும் மைக்குக்கு உள்ள அதே மூன்று பின் எக்ஸ்எல்ஆர்தான். மூட்டையிலிருந்து ஒரு மைக் ஒயரை எடுத்துச் செருகினால் கச்சிதமாகப் பொருந்துகிறது, பாட்டும் வருகிறது. அப்படியானால் இதுவே போதுமா?

குறைந்த தூரத்துக்குப் போதும், நீண்ட தூரத்துக்குப் போதாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் நிகழ்ச்சி நடுவே பாட்டு அறுந்து தலைகுனிய வேண்டியிருக்காது.

ஒரு மைக் ஒயரைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேலே ரப்பர் உறை. அதற்கடியில் பின்னிய செம்புக் கம்பி வலை. உள்ளே இரண்டு சன்னமான ஒயர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடும், இடையே நிரப்பப் பருத்தி நூல். வலை முதல் பின்னில் சேரும், இரண்டு ஒயர்களும் இரண்டாவது, மூன்றாவது பின்களில் சேரும். ஒரே சிக்னல் இரண்டு ஒயர்களிலும் எதிரெதிர்த் துருவத்தில் செல்கிறது. ஜெனரேட்டர் ஒயரோ சீரியல் செட்டோ பக்கத்தில் கிடந்தால், அதன் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துவிடும்.

1985-இல் அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி, டிஜிட்டல் ஒலியைக் கருவிக்குக் கருவி அனுப்பும் முறையை ஏஇஎஸ்3 என்ற தரமாக வெளியிட்டது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் கூட நின்றதால் இது ஏஇஎஸ்/ஈபியூ என்றும் வழங்குகிறது. வானொலி நிலையங்களிலும் ஸ்டுடியோக்களிலும் சுவருக்குள் முறுக்கு ஒயர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடுங்காமல் பயன்படுத்த முடியவேண்டும் என்பது இந்தத் தரத்தின் நோக்கங்களில் ஒன்று. அதே எக்ஸ்எல்ஆர் பின் இதற்கு வந்ததும் அதனால்தான். மைக் ஒயரில் டிஜிட்டல் சிக்னல் அனுப்புவது திருட்டுவழி என்று யாரும் எண்ண வேண்டாம்.

அந்த ஒயருக்குள் என்ன ஓடுகிறது? ஒரு நொடியில் 48,000 முறை ஒலியின் அளவை எடுத்து எண்ணாக்குகிறது மிக்ஸர். ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். இடது, வலது என இரண்டு சானல், ஒவ்வொரு எண்ணுக்கும் துணைத் தகவல்களோடு சேர்த்து 32 பிட். பெருக்கினால் நொடிக்கு 30,72,000 பிட்.

இந்தப் பிட்களைக் கடத்தும் முறையைத் தாளத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் ஒரு தட்டு கட்டாயம் விழும். பிட் 1 என்றால் அதன் நடுவிலும் ஒரு தட்டு விழும். 0 என்றால் நடுவில் அமைதி. தட்டு தவறாமல் விழுவதால், பெறும் கருவி தனியாகக் கடிகார ஒயர் இல்லாமலே காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொள்கிறது. தட்டு விழுந்ததா இல்லையா என்பதே கணக்கு. ஆகையால் இரண்டாவது பின்னையும் மூன்றாவது பின்னையும் மாற்றிச் சால்டர் செய்திருந்தாலும் டிஜிட்டல் சிக்னலுக்குப் பாதிப்பு இல்லை. அனலாகில் அதே தவறு ஃபேஸைத் தலைகீழாக்கிவிடும்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. ஒயருக்குள் சிக்னல் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. மனிதக் காது கேட்கும் உச்சமான 20,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு, ஒயருக்குள் ஓர் அலையின் நீளம் 10 கிலோமீட்டர். அதன் முன்னால் 50 மீட்டர் மண்டபம் ஒரு பொருட்டே இல்லை. டிஜிட்டல் தட்டுகளோ 30 லட்சம் ஹெர்ட்ஸைத் தொடுகின்றன. அங்கே அலையின் நீளம் சுமார் 65 மீட்டர்தான். ஒயரும் அலையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டால், ஒயரின் இம்பீடன்ஸ் முக்கியமாகிவிடுகிறது.

இது மல்டிமீட்டரில் அளக்கும் தடை இல்லை. இரண்டு ஒயர்களுக்கும் உள்ள இடைவெளி, அவற்றைச் சுற்றிய பிளாஸ்டிக்கின் தன்மை போன்றவற்றால் அமைவது. ஏஇஎஸ்3 கேட்பது 110 ஓம். சாதாரண மைக் ஒயர்கள் பெரும்பாலும் 40 முதல் 80 ஓமுக்குள் இருக்கும். 60 ஓம் ஒயர் 110 ஓம் கருவியைச் சந்திக்கும் இடத்தில், வந்த சிக்னலில் கிட்டத்தட்ட 30 சதவீதம் திரும்பி ஓடும். மண்டபச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி, பேசுபவரின் அடுத்த சொல்லின் மேல் விழுவதைப் போன்றது இது. ஒயர் சிறிதாக இருந்தால் எதிரொலி அதே தட்டுக்குள் அடங்கிவிடும். நீண்டால் அடுத்த தட்டின் மேல் விழும். ஒயரின் மின்தேக்கும் தன்மையும் தட்டுகளின் கூர்மையை மழுக்கிவிடும்.

ஆனாலும் மைக் ஒயர் பல இடங்களில் தாக்குப்பிடிக்கிறது. அனுப்பும் கருவி 2 முதல் 7 வோல்ட் வரை தருகிறது. பெறும் கருவி 0.2 வோல்ட்டையும் புரிந்துகொள்ள வேண்டும் என்பது விதி. இந்தத் தாராளத்தில்தான் நம் வண்டி ஓடுகிறது. இங்கேதான் ஏமாற்றமும் காத்திருக்கிறது. அனலாகில் ஒயர் கெட்டால் கரகரவென்று முன்கூட்டியே சொல்லும். டிஜிட்டல் கடைசி எல்லைவரை பளிச்சென்று பாடும். எல்லை தாண்டியதும் ‘டிக் டிக்’ என்று வெட்டும், பிறகு ஒரேயடியாக மௌனம்.

ஆகவே சில பழக்கங்கள் வேண்டும். நல்ல மைக் ஒயரில் பத்து மீட்டர் அளவுக்கு 48,000 சாம்பிள் டிஜிட்டல் சிக்னலைத் தயங்காமல் அனுப்பலாம். 96,000-க்குப் போனால் வேகம் இரட்டிப்பாகும், தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு கம்பெனியின் மூன்று ஒயர்களைச் சேர்த்து நீட்டாதீர்கள், ஒவ்வொரு இணைப்பும் புதிதாக ஓர் எதிரொலி. ஒய் ஒயர் போட்டு இரண்டு கருவிகளுக்குப் பிரிக்காதீர்கள். மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் பான்டம் பவர் போட்டிருக்கும் மைக் சாக்கெட்டில் ஏஇஎஸ் ஒயரைச் செருகாதபடி இரு முனையிலும் வண்ண டேப் ஒட்டுங்கள். விருந்தினர் வருவதற்கு முன் இன்னொரு பத்து மீட்டர் ஒயரைக் கூடுதலாகச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வெட்டாமல் பாடினால், அதைக் கழற்றிவிட்டு நிம்மதியாக நிகழ்ச்சியைத் தொடங்கலாம்.

தூரம் அதிகமானால் வழி இருக்கிறது. கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குப் போடும் கேட்-5 ஒயர் 100 ஓம், ஏஇஎஸ்3-க்கு மிக நெருக்கம். அதன் முனையில் எக்ஸ்எல்ஆர் பின் வைத்துச் சால்டர் செய்தால் நன்றாகவே வேலை செய்யும். தினமும் சுருட்டி விரிப்பதென்றால் ஒற்றைக் கம்பி ஒயர் உடைந்துவிடும், பல இழை கொண்டதாகப் பார்த்து வாங்குங்கள். பூந்தமல்லியைத் தாண்டி செம்பரம்பாக்கத்தில், 2017-இல் பிக் பாஸ் தமிழ் வீடு அமைந்த ஈவிபி பிலிம் சிட்டி போன்ற படப்பிடிப்புத் தளங்களில் தூரங்கள் இன்னும் பெரியவை. அவ்வளவு தூரத்துக்கு, வீடியோவுக்குப் போடும் 75 ஓம் கோஆக்ஸ் ஒயரில் இதே சிக்னலை நூற்றுக்கணக்கான மீட்டர் அனுப்பும் முறையும் தரத்தில் உண்டு.

சவுண்ட் சர்வீஸ் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மைக் ஒயர் டிஜிட்டலுக்கு ஓரளவே உதவும். ஆனால் 110 ஓம் ஏஇஎஸ் ஒயர் மைக்குக்கும் குறையில்லாமல் உதவும். அடுத்த முறை எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிட்சி தெருவுக்குப் போகும்போது 110 ஓம் என்று அச்சிட்ட ஒயரைக் கேட்டு வாங்குங்கள். மூட்டை முழுக்க அதுவே இருந்தால், எந்த ஒயர் கைக்கு வந்தாலும் இம்பீடன்ஸ் பொருந்தாமல் பாட்டு அறுபடாது.