போருக்குப் பிறகு காதல் கதை வாசிக்கலாமா?

மாசி மாத அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும் மலையகத் தோட்டங்களில் காமன் கம்பம் நடுவார்கள். கரும்பு, ஆமணக்கு, வைக்கோல், வரட்டி என்று கம்பத்தில் சேரும் பொருட்கள் தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் மாறும். கம்பம் நடுகிற இடத்துக்குக் காமன் பொட்டல் என்று பெயர். வேஷம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் தப்பு முழங்க, விடிய விடியக் கூத்து நடக்கும். மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களுக்கும் இது சொந்தக் கலைதான். ஆனால் முன்போல எல்லா இடங்களிலும் ஆண்டுதோறும் ஆடப்படுவதில்லை.

கூத்தின் கதை பலருக்கும் தெரியும். தவத்தில் இருக்கும் சிவனின் மனதைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். ரதி கெட்ட கனவு கண்டவள். போகாதே என்று தடுக்கிறாள். அவன் கேட்பதாக இல்லை. இருவருக்கும் நடக்கும் தர்க்கம்தான் கூத்தின் நீளமான பகுதி. கணவனும் மனைவியும் சண்டை போடுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், கேலி பேசுகிறார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தங்கள் லயத்துக்குள் கேட்கிற பேச்சையே அங்கும் கேட்கிறார்கள். கடைசியில் மன்மதன் போகிறான், நெற்றிக்கண்ணில் எரிகிறான். ரதி ஒப்பாரி வைக்கிறாள். நாட்டார் வழக்கில் அவள் சிவனுக்கே மகள். ஆகவே புருஷனைக் கொன்றவன் தகப்பன். அவள் அவன் முகத்துக்கு நேரே நின்று கேள்வி கேட்கிறாள். பிறகு மன்மதன் உயிர்ப்பிக்கப்படுகிறான். ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான்.

பக்தி, சடங்கு என்று எப்படிச் சொன்னாலும் இது ஒரு காதல் கதை. பகல் முழுக்க மலையில் வேலை செய்தவர்கள் சாக்கு விரித்துக் குளிரில் உட்கார்ந்து இரவு முழுக்க இதைப் பார்த்தார்கள். காய்ச்சலும் கடனும் சாவும் மலிந்த அந்த வாழ்க்கையில், 'இந்த நேரத்தில் காதல் கதை தேவையா?' என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அச்சுப் புத்தகத்தோடு வந்தது. போருக்குப் பிறகு அது இன்னும் பலமாகக் கேட்கிறது.

வடக்கிலும் கிழக்கிலும் மீள்குடியேறிய ஊர்களின் வாசிகசாலைகளுக்கு அன்பளிப்பாக வரும் புத்தகங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பரீட்சை வழிகாட்டி, பொது அறிவு, தன்னம்பிக்கை நூல், கொஞ்சம் வரலாறு. கொடுப்பவர்களின் மனம் நல்லதுதான். ஆனால் இழந்தவர்கள் முன்னேற வேண்டும், அல்லது இழந்ததையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற இரண்டு எண்ணங்களுக்கு நடுவே, அவர்களுக்குப் பொழுதுபோக்கும் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. ரமணிசந்திரன் நாவலை இரவல் வாங்கும் பெண், அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு போகிறாள். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதி, தமிழில் மிக அதிகம் வாசிக்கப்பட்டவர்களில் ஒருவர் அவர். அவரை வாசித்ததாகச் சொல்ல மட்டும் நமக்குக் கூச்சம்.

காதல் நாவலைப் பற்றி விமர்சகர்கள் சொல்லும் குறை, முடிவு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது என்பது. உண்மைதான். நாயகனும் நாயகியும் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், பிரிவார்கள், கடைசிப் பக்கத்தில் சேர்வார்கள். ஆனால் இந்தக் குறை யாருக்குக் குறை? கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் ஆண்டுக்கணக்காகத் தெருவோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய கதைக்கு முடிவே இல்லை. இறந்தார் என்று அழவும் முடியாது, வருவார் என்று பொட்டு வைக்கவும் தயக்கம். அப்படி வாழும் ஒருவர், 200 பக்கத்துக்குள் நிச்சயமாக முடியும் ஒரு கதையை எடுத்துக் கையில் வைத்திருக்கிறார் என்றால், அதைத் தப்பித்தல் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கஷ்டம் வருகிறது, ஆனால் எங்கே தீரும் என்பது வாசிப்பவருக்குத் தெரியும். வேண்டுமானால் மூடி வைக்கலாம், நாளைக்குத் திறக்கலாம். அவருடைய நாளில் வேறு எதன்மீதும் அவருக்கு இந்த அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். ரதிக்குக்கூட எரித்தது யார் என்று தெரியும், அவனிடம் நேரே கேட்கவும் முடிந்தது. அந்தப் பெண்களில் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

மாத்தளையில் ஆடும் கூத்துக்கும் வன்னியின் வாசிப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு ஒரு பாதை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாகத் தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் கொலராவாலும் பசியாலும் செத்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்களின் முடிச்சில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் ரதி மன்மதனும் மனப்பாடமாக வந்து சேர்ந்தார்கள். பிறகு 1977 ஆகஸ்ட் வன்செயலிலும் 1983 ஜூலையிலும் அதே பாதையில் மக்கள் வடக்கு நோக்கித் திரும்பி நடந்தார்கள். 1983இல் மாத்தளை நகரின் தமிழ்க் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் எரியூட்டலுக்குத் தப்பவில்லை. ஓடியவர்களில் ஒரு பகுதியினரை வவுனியாவிலும் சுற்றுப்புறங்களிலும் காந்தியம் போன்ற அமைப்புகள் குடியமர்த்தின. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் 2009 வரையான இடப்பெயர்வுகளை மற்ற வன்னி மக்களோடு சேர்ந்து அனுபவித்தவர்கள். ஆகவே போரால் பாதிக்கப்பட்ட வாசகர் என்று சொல்லும்போது, காமன் பொட்டலில் உட்கார்ந்து கதை கேட்ட குடும்பங்களும் அதற்குள் வருகின்றன.

மாத்தளைக்குச் சொந்த எழுத்து மரபும் உண்டு. சோமு, மலரன்பன், வடிவேலன் என்று ஊரைப் பெயரின் முன்னால் போட்டுக்கொண்ட எழுத்தாளர்களை எண்ணினால் ஒரு சிறு நகரத்துக்கு அது அதிகம். வடிவேலன் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளை எழுத்தில் பதித்தவர்களில் ஒருவர். நாடகக்காரரான மாத்தளை கார்த்திகேசு, 1980இல் வெளியான 'அவள் ஒரு ஜீவநதி' என்ற இலங்கைத் தமிழ்ப் படத்தைத் தயாரித்தவர்.

அச்சில் வந்த காதல் கதைக்கு இலங்கையில் ஒரு தனி வரலாறு இருக்கிறது. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ அரசு இந்திய சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. தொடர்கதைக்குப் பழகிய வாசகர்கள் தவித்துப் போனார்கள். அந்த இடைவெளியில் வீரகேசரி நிறுவனம் உள்ளூர் எழுத்தாளர்களின் நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டது. காதல் இல்லாமல் விற்காது என்பது வெளியீட்டாளருக்குத் தெரியும். ஆனால் எழுத வந்தவர்கள் தங்கள் ஊரை விட்டுவிட்டு எழுதத் தயாராக இருக்கவில்லை. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' அப்படி வந்து, 1978இல் படமாகவும் ஆனது.

இவற்றில் நான் எல்லோரையும் வாசிக்கச் சொல்வது அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. வெளிவந்தது 1973. கதிராமன், பதஞ்சலி என்ற இளம் தம்பதியின் கதை. களம் முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணிமுறிப்பு. காடு வெட்டுவதும் வேட்டைக்குப் போவதும் விதைப்பதும் இவர்களின் காதலோடு கலந்தே வரும். எழுதப்பட்ட காலத்தில் வாசகர் இதில் தேடியது பதஞ்சலியின் வாழ்க்கை என்னவாகும் என்பதை மட்டும்தான். 1984 இறுதியில் அந்தப் பகுதித் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். தண்ணிமுறிப்பின் பெயர் இப்போது குருந்தூர்மலை தொடர்பான காணிப் பிரச்சினைச் செய்திகளில் அடிபடுகிறது. காணி உறுதியும் வரைபடமும் சொல்லாத ஒன்றை அந்த நாவல் வைத்திருக்கிறது. அங்கே மனிதர்கள் எப்படி எழுந்தார்கள், என்ன சமைத்தார்கள், எதற்காகச் சண்டை பிடித்தார்கள் என்பது அதில் இருக்கிறது. ஆவணமாக எழுதியிருந்தால் அன்று இத்தனை பேர் வாசித்திருக்க மாட்டார்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் வாசித்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கு நினைவிருக்கும். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவு மண்ணெண்ணெய், ஒரு திரி. மண்ணெண்ணெய் தங்க விலை விற்றபோது அந்தச் சின்ன வெளிச்சத்தில் படித்தது பாடப் புத்தகம் மட்டுமல்ல. அட்டை கிழிந்து, முதல் பத்துப் பக்கம் காணாமல் போய், பல கை மாறி வந்த நாவல்களும்தான். பத்திரிகை அச்சிடத் தாள் இல்லாமல் பள்ளிக் கொப்பித் தாளில் அச்சிட்ட காலம் அது.

இது நமக்கு மட்டுமான பழக்கமும் இல்லை. 1940 செப்டெம்பரில் லண்டனின் பெத்னல் கிறீன் நூலகம் ஜேர்மன் குண்டுவீச்சில் சேதமடைந்தது. பக்கத்தில் கட்டி முடிக்கப்படாத சுரங்க ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் இரவில் பதுங்கியிருந்தார்கள். நூலகர்கள் அடுத்த ஆண்டு அங்கேயே ஒரு சிறு நூலகத்தைத் திறந்தார்கள். சுமார் 4,000 புத்தகங்கள். பங்கருக்குள் வாழ்ந்தவர்களுக்கு அந்த நூலகர்களின் முடிவு விசித்திரமாகத் தெரியாது.

சிறுவர் புத்தகத்துக்கு வந்தால் ஜேர்மனியிலேயே ஒரு கதை இருக்கிறது. ஜெல்லா லெப்மன் யூதப் பெண், பத்திரிகையாளர். ஹிட்லர் ஆட்சியில் நாட்டை விட்டு ஓடி இங்கிலாந்தில் இருந்தவர், 1945இல் பெண்கள், சிறுவர் விவகார ஆலோசகராக அமெரிக்க இராணுவம் அழைத்ததால் திரும்பி வந்தார். உணவும் வீடும் இல்லாத குழந்தைகளுக்கு முதலில் கதைப் புத்தகம் வேண்டும் என்று சொன்னபோது பலருக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அவர் 20 நாடுகளுக்குக் கடிதம் எழுதிச் சிறுவர் புத்தகங்கள் கேட்டார். ஜேர்மனியால் இரண்டு முறை ஆக்கிரமிக்கப்பட்ட பெல்ஜியம் முதலில் மறுத்தது. மறுபடி எழுதினார், அனுப்பினார்கள். 1946இல் மியூனிக் நகரில் அந்தப் புத்தகங்களின் கண்காட்சி நடந்தது. அந்த ஆண்டு நத்தாருக்கு, சண்டை போட மறுத்து மரநிழலில் பூ மணந்துகொண்டிருக்கும் ஃபெர்டினான்ட் என்ற காளையின் கதையை அவரே மொழிபெயர்த்து, பத்திரிகைத் தாளில் 30,000 பிரதிகள் அச்சிட்டு பேர்லின் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1949இல் மியூனிக்கில் அவர் நிறுவிய சர்வதேச இளைஞர் நூலகம் இன்றும் இயங்குகிறது.

அந்தக் காளைக் கதையில் போர் என்ற சொல் வராது, படிப்பினையும் கிடையாது. நம்முடைய பிள்ளைகளுக்கான புத்தகங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. கதை முடிந்ததும் 'நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?' என்று கேள்வி வந்துவிடுகிறது. தோட்டத்து லயத்திலும் மீள்குடியேற்ற வீட்டிலும் ஒரு பிள்ளைக்குச் சொந்தமாக இருக்கும் புத்தகம் பெரும்பாலும் அரசு இலவசமாகக் கொடுக்கும் பாடநூல் மட்டுமே. புத்தகம் என்றாலே சோதனை என்று அந்தப் பிள்ளை நினைத்தால் தவறு அதன் மேல் இல்லை. படுக்கப் போகும் முன் பத்து நிமிடம் சத்தமாக ஒரு கதை வாசித்து, கேள்வி கேட்காமல் விளக்கை அணைப்பதற்குச் செலவும் பயிற்சியும் தேவையில்லை. வாசிக்கத் தெரியாத பாட்டி வீட்டில் இருந்தால் அவர் வாயால் சொல்லட்டும். மாத்தளைப் பாட்டிகளில் சிலருக்கு ரதியின் தர்க்கம் இன்னும் நினைவில் இருக்கும்.

எழுத்தையும் வாய்ச்சொல்லையும் பற்றிப் பேசும்போது மாத்தளையில் அலுவிகாரையைத் தாண்டிப் போக முடியாது. நகருக்கு வடக்கே சில கிலோமீற்றரில் இருக்கும் குகை விகாரை. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வாய்வழியாகவே வந்த பௌத்த திரிபிடகம் முதன்முதலில் ஓலையில் எழுதப்பட்ட இடமாக அதைச் சொல்கிறார்கள். காரணம் பஞ்சமும் போரும். மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இறந்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயம். அங்கிருந்த பழைய ஏட்டுச் சேகரமும் 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அழிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்தபோது இந்தத் தீவுக்கு அது புதிய அனுபவமல்ல.

காமன் கூத்துக்கு நேர்ந்தது வேறு. ஓலை இல்லாததால் அதை எரிக்க முடியவில்லை. ஆனால் ஆடுகிறவர் வெளியேறிப் போனால் அதுவும் போய்விடும். ஒரு தோட்டத்தில் ரதி வேஷம் கட்டியவர் கொழும்புக்கு வேலைக்குப் போய், தப்பு அடித்தவர் இறந்துபோனால், அடுத்த மாசியில் அங்கே கம்பம் நட ஆளிருக்காது.

அச்சு நாவல்களின் நிலை இப்போது அதைவிடக் கொஞ்சம் மேல். 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் சிறுவர் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் மின்வடிவில் உள்ளன, கட்டணம் இல்லை. தன்னார்வலர்கள் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றியவை. கைபேசியிலேயே திறந்து வாசிக்கலாம். வீட்டில் பெட்டிக்குள் கிடக்கும் பழைய காதல் நாவலை, அட்டை கிழிந்தது என்று கடைக்கு நிறுத்துப் போடுவதற்கு முன், அது அந்தத் தளத்தில் இருக்கிறதா என்று பெயரைத் தட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் அவர்களிடம் கொடுக்கலாம்.