சீட்டின் விலையும் சபையின் நலமும்

புணே நகரத்திற்கு டிசம்பர் இசை மாதம். தம் குருவான சவாய் கந்தர்வரின் நினைவாகப் பண்டிட் பீம்சேன் ஜோஷி 1953இல் தொடங்கிய விழா இம்மாதத்தில்தான் நடைபெறுவது வழக்கம். பாணேரில் வாழும் தமிழ் அன்பர்களுக்குச் சென்னையின் மார்கழிக் கச்சேரிகளை நினைவூட்டும் நாட்கள் இவை. குளிர் மிகுந்து, வீடுதோறும் சளியும் இருமலும் எட்டிப்பார்க்கும் பருவமும் இதுவே.

கச்சேரி நாளன்று காலையில் தொண்டை கரகரத்து உடல் கொதித்தால் என்ன செய்வது? ‘சீட்டுக்குக் கொடுத்த பணம் வீணாகிவிடுமே’ என்பதே பலர் மனத்தில் முதலில் எழும் எண்ணம். வணிகவியல் இதனை மீளப் பெறவியலாத செலவு என்று வகைப்படுத்தும். நாம் சென்றாலும் அப்பணம் திரும்பாது, செல்லாவிட்டாலும் திரும்பாது. எனவே அதனைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, இனி நேரக்கூடிய நட்டத்தை மட்டுமே எண்ணுதல் முறை. அந்த நட்டத்தில் பெரும்பங்கு, பக்கத்தில் அமர்பவருடையது.

அது எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று ஒரு சேர்ந்திசைக் குழுவின் ஒத்திகைக்கு 61 பேர் வந்திருந்தனர். அவர்களுள் ஒருவருக்குச் சளி போன்ற அறிகுறிகள் இருந்தன. இரண்டரை மணி நேர ஒத்திகைக்குப் பின் 53 பேருக்குக் கொரோனா கண்டதாகக் கணக்கிடப்பட்டது, இருவர் உயிரிழந்தனர். அங்கே அனைவரும் உரக்கப் பாடினர். நாம் அமர்ந்து கேட்கிறோம். ஆகவே ஆபத்து அதே அளவினதன்று. ஆயினும் ஒரே கூரையின்கீழ் பல மணி நேரம் நெருங்கி அமர்கிறோம். அவையில் முதியோரும் நீரிழிவு, இதயநோய் உடையோரும் இருப்பர். 2009 ஆகஸ்டில் இந்தியாவின் முதல் பன்றிக்காய்ச்சல் மரணத்தைக் கண்டு, பள்ளிகளையும் திரையரங்குகளையும் மூடிய புணேக்கு இது புதிய பாடமன்று.

முடிவெடுக்க எளிய அளவுகோல் ஒன்று: மருந்தின் உதவியின்றிக் காய்ச்சல் நீங்கி 24 மணி நேரம் ஆகவில்லையெனில் வீட்டிலிருப்பதே நன்று. பாராசிட்டமால் உடற்சூட்டைத் தணிக்குமேயன்றித் தொற்றைத் தடுக்காது.

நோய் தணிந்து இருமல் மட்டும் எஞ்சியிருப்பின், முகக்கவசம் அணிந்து, வழியோர இருக்கையைக் கேட்டுப் பெறலாம். இருமல் அடங்காதபோது வெளியே செல்ல அது உதவும். உருப்படிகளுக்கு இடையே எழுந்து செல்வது மரபு. ஆயினும் ஆலாபனையின் நடுவே இருமிக்கொண்டேயிருப்பதைவிட ஓசையின்றி எழுந்து செல்வதே மேல். நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞரை நெருங்கிக் கைகுலுக்குவதை மட்டும் அன்று தவிர்த்துவிடுக. அவருக்குக் குரலே முதல்; தொண்டை கட்டினால் அடுத்த கச்சேரியின் வருவாய் நின்றுவிடும்.

வர இயலாதெனத் தோன்றிய உடனேயே உடன்வருவோருக்குத் தெரிவித்துவிடுதல் வேண்டும். மாலை ஐந்து மணிக்குச் சொன்னால் சீட்டு வீணாகும். காலையில் சொன்னால், விதிகள் இடந்தரின், இசை பயிலும் மாணவர் ஒருவருக்கு அதனை அளிக்கலாம். அழைத்தவருக்கும் ஒரு கடமை உண்டு. “ஒன்றும் ஆகாது, வாருங்கள்” என வற்புறுத்தாமல், “நலம்பெற்று அடுத்த முறை வாருங்கள்” என்று சொல்லிவிட்டால், வர இயலாதவரின் தயக்கமும் தீரும்.